பாக்கி இருக்கும் பத்துப் பைசா



போன மாதம் புளி உலுக்குவது பற்றி எழுதியதற்கு நிறையப் பேர் பதில் போட்டிருந்தீர்கள். மகிழ்ச்சி. அதன் கீழே சென்னையில் இருக்கும் மாணவர் ஒருவர், "சார், நீங்க பழைய காசெல்லாம் சேர்க்கிறீங்களாமே, விக்டோரியா ராணி காசு இருக்கா? இப்ப என்ன விலை போகும்?" என்று கேட்டிருந்தார். அதற்கு இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். சாப்பிட்டுவிட்டு, நிதானமாகப் படியுங்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். என்னிடம் ராணி காசும் கிடையாது, தங்கக் காசும் கிடையாது. நான் சேர்ப்பது காசு மாதிரி இருந்து, காசாகவே ஓடி, ஆனால் காசு அல்லாதவை. அரசாங்கம் அச்சடிக்காமல் கடைக்காரரும் ஊராட்சியும் தோட்ட முதலாளியும் சில்லறை கிடைக்காத காலத்தில் தாங்களே போட்டுக்கொண்ட வில்லைகள், சீட்டுகள், அட்டைகள். மொத்தம் நூற்றி நாற்பது சொச்சம் இருக்கும். விலை போட்டால் பெரிதாக ஒன்றும் தேறாது. என் வீட்டம்மா இதை "குப்பைப் பெட்டி" என்றுதான் சொல்வார். ஆனால் மழைக்காலத்தில் அந்தப் பெட்டியை எடுத்துப் பரண் மேல் பத்திரமாக வைப்பதும் அவர்தான்.

சில்லறை ஏன் திடீரென்று காணாமல் போகிறது? வகுப்பில் கேட்டால் "அரசாங்கம் அடிக்கவில்லை" என்பீர்கள். பாதிதான் சரி. யுத்தம் வந்தால் முதலில் பயம் வருகிறது. நோட்டு வெறும் காகிதம், நாளைக்கு எந்த ராஜா இருப்பானோ என்று ஜனங்கள் வெள்ளியைப் பானைக்குள் போட்டுப் புதைக்கிறார்கள். இரண்டாவது, உலோகத்தின் விலை ஏறுகிறது. காசின் மேல் எழுதியிருக்கிற மதிப்பைவிட உள்ளே இருக்கிற வெள்ளிக்கோ செம்புக்கோ மதிப்பு கூடிவிட்டால், அது காசாக இருப்பதை விட்டுவிட்டு உருக்குகிறவன் கைக்குப் போய்விடும். மூன்றாவது, பட்டாளத்துக்குச் சம்பளம், சரக்கு, ரயில் கூலி என்று பணப் புழக்கம் பல மடங்காகிறது. எல்லாம் ஒரே சமயத்தில் நடக்கும்போது சந்தையில் கால் படி அவரைக்கொட்டை வாங்கியவருக்குக் கொடுக்க மீதிச் சில்லறை இருக்காது.

இரண்டாம் உலகப் போரில் நம் நாட்டில் அதுதான் நடந்தது. 1940 ஜூனில், தன் தேவைக்கு மேல் நாணயம் சேர்ப்பது குற்றம் என்று பாதுகாப்பு விதிகளின்கீழ் உத்தரவு போட்டார்கள். அதே ஆண்டு ஒரு ரூபாய் நோட்டை மறுபடியும் வெளியிட்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெள்ளி இருந்த ரூபாயைப் பாதி வெள்ளியாகக் குறைத்தார்கள். பழைய வெள்ளி ரூபாய்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற்றார்கள். 1942-ல் அரையணாவும் ஓரணாவும் மஞ்சளாக, நிக்கல் கலந்த பித்தளையில் வந்தன. 1943-ல் வந்ததுதான் நம் பாட்டிமார்கள் எல்லோரும் சொல்லும் ஓட்டைக் காலணா.

சின்னப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஓர் அணாவுக்கு நான்கு காலணா. ஆக ரூபாய்க்கு அறுபத்து நான்கு காலணா. பழைய காலணா ஏறக்குறைய ஐந்து கிராம் எடை. ஓட்டைக் காலணா இரண்டு கிராம்தான். நடுவில் பெரிய ஓட்டை போட்டு, மிச்சமான வெண்கலத்தில் இன்னும் அதிகக் காசு அடித்தார்கள். பம்பாய், கல்கத்தா போதாமல் லாகூரிலும், தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவிலும்கூட அடித்தார்கள். என் பாட்டி இதை அரைஞாண் கயிற்றில் கோத்துக் குழந்தைகளுக்குக் கட்டுவார். நட்டுக்கு வாஷராகப் போட்டவர்களும் உண்டு. காசுக்கு ஏற்பட்ட மரியாதை அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் என் அப்பா பதினெட்டு வயதுப் பையன். ஒரு புளி மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அப்போது நம் ஊரெல்லாம் சேலம் ஜில்லா. தர்மபுரி தனி மாவட்டம் ஆனது 1965 அக்டோபர் 2-ல்தான். மண்டியில் கூலிக்கு வரும் பெண்களுக்கு நாள் முடிவில் சில்லறை கொடுக்க முடியாது. அதனால் மண்டிக்காரர் ஒரு வழி செய்தார். அட்டைத் துண்டில் அணாக் கணக்கை எழுதி, தன் கையெழுத்தைக் கிறுக்கிக் கொடுப்பார். எதிரே இருந்த உப்பு மிளகாய்க் கடைக்காரர் அதை வாங்கிக்கொண்டு சாமான் கொடுப்பார். வாரக் கடைசியில் இரண்டு பேரும் கணக்குத் தீர்த்துக்கொள்வார்கள். அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் கடைசியில் ஒரே வாக்கியம்தான் சொல்வார்: "அட்டையப் பார்த்து யாரும் சாமான் குடுக்கலடா, ஆளப் பார்த்துக் குடுத்தாங்க."

அந்த அட்டைகளில் ஒன்றுகூட இன்று இல்லை. இருக்கவும் முடியாது. ஒழுங்காகக் கணக்குத் தீர்த்தவரின் சீட்டு மிஞ்சாது. எல்லாம் திரும்பி வந்து கிழிபட்டுவிடும். இந்தச் சேகரிப்பில் எனக்குப் பிடித்த விசித்திரமே இதுதான். நம் பெட்டிக்கு வந்து சேர்வது பெரும்பாலும் தீராத கணக்கு.

சமஸ்தானங்கள் இதையே பெரிய அளவில் செய்தன. ஜூனாகட், மோர்வி, பூந்தி போன்ற சமஸ்தானங்கள் போர்க்காலத்தில் தபால்தலை அளவில் சின்னச் சின்ன அட்டைக் கூப்பன்களை வெளியிட்டன. பூந்தி கூப்பன் ஒன்று என்னிடம் உண்டு. பெங்களூரில் ஒரு நாணயக் கண்காட்சியில் வாங்கினேன். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. எத்தனை கை பட்டதோ, ஓரமெல்லாம் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது.

இந்தப் பைத்தியம் எனக்கு முற்றியதற்குக் காரணம் உங்களில் ஒருவர். அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் வேலை பார்க்கும் நம் மாணவர், பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் விடுமுறையில் வந்தபோது ஒரு செம்பு வில்லையை என் கையில் வைத்தார். நம் பழைய ஒரு பைசா அளவு. ஒரு பக்கம் இறகுக் கிரீடம் வைத்த தலை, கீழே 1863. மறுபக்கம் பெரிய எழுத்தில் "ஒரு சென்ட்" என்று ஆங்கிலத்தில் இருந்தது. "காசுதானே?" என்றேன். "கண்ணாடி போட்டுப் பாருங்க சார்" என்றார். பார்த்தால், அதற்கு மேலே பொடி எழுத்தில் "அல்ல" என்று இருக்கிறது! ஒரு சென்ட் அல்ல! கள்ளக் காசு அடித்தான் என்று வழக்கு வந்தால் தப்பிக்க இப்படி ஒரு வழி.

அந்த நாட்டின் உள்நாட்டுப் போர் 1861-ல் தொடங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் வங்கிகள் நோட்டுக்குத் தங்கம் கொடுப்பதை நிறுத்திவிட்டன. 1862-ல் தங்கமும் வெள்ளியும் மறைந்து, கடைசியில் ஒரு சென்ட் காசுகூடப் பதுக்கலுக்குப் போய்விட்டது. ஜனங்கள் தபால்தலையைக் கொடுத்து ரொட்டி வாங்கினார்கள். வியர்வைக் கையில் அது ஒட்டிக்கொண்டது. ஜான் கால்ட் என்பவர் தபால்தலையைப் பித்தளைச் சட்டத்துக்குள் வைத்து, மேலே மைக்கா தகடு மூடி, பின்பக்கத்தில் கடை விளம்பரம் போட்டு விற்றார். அதன் பிறகு கடைக்காரர்களே செம்பு வில்லை அடிக்க ஆரம்பித்தார்கள். மளிகைக் கடை, சாராயக் கடை, முடி திருத்துகிறவர், மருந்துக் கடை என்று ஆயிரக்கணக்கான வகைகள். எல்லாம் சேர்த்து இரண்டரைக் கோடி வில்லைகளாவது ஓடியிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். ஒகையோவின் சின்சினாட்டி நகரம் இதற்குப் பேர்போனது. சிலவற்றில் "உங்களுக்கு ஒரு சென்ட் கடன்பட்டிருக்கிறேன்" என்றே அடித்திருந்தது. அதுதான் நேர்மையான வாசகம் என்பேன்.

நியூயார்க்கில் லிண்டன்முல்லர் என்று ஒரு மதுக்கடைக்காரர். தன் பெயர் போட்டுப் பத்து லட்சத்துக்கும் மேல் வில்லை அடித்து ஊருக்குள் விட்டார். அந்த ஊர்த் தெரு ரயில் கம்பெனி பயணிகளிடமிருந்து அவற்றைக் கட்டணமாக வாங்கிச் சேர்த்தது. ஏகப்பட்டது சேர்ந்ததும், "இதை வாங்கிக்கொண்டு நல்ல காசு கொடுங்கள்" என்று அவரிடம் போனது. அவர் சிரித்துவிட்டு மாட்டேன் என்றார். கம்பெனியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இப்படிப்பட்ட கதைகளுக்குப் பின்தான் 1864 ஏப்ரல் 22-ல் ஒரு சட்டம் வந்தது. ஒரு சென்ட் காசை எடை குறைத்து வெண்கலத்தில் அடிக்கவும், தனியார் ஒரு சென்ட், இரண்டு சென்ட் வில்லைகள் விடக்கூடாது என்றும். அதே ஆண்டு ஜூன் 8-ல் எல்லாத் தனியார் காசுக்கும் தடை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. லேசான செம்பு வில்லையையும் ஜனங்கள் வாங்கிக்கொள்கிறார்கள் என்பதை அரசாங்கத்துக்குக் காட்டிக் கொடுத்ததே இந்தக் கடைக்காரர்கள்தான்.

நம் நாட்டில் அப்படி உலோக வில்லை அடிக்க முடியாது. 1889-லேயே வெள்ளைக்காரன் உலோக டோக்கன் சட்டம் என்று ஒன்று போட்டுவிட்டான். பணமாகப் பயன்படுத்த உலோகத் துண்டு செய்வதும் விடுவதும் குற்றம். அதனால்தான் நம் பக்கத்தில் எல்லாம் காகிதமும் அட்டையும். இலங்கையில் அதற்கு முன்பே காபித் தோட்டக் காலத்தில் கம்பெனிகள் செம்பிலும் பித்தளையிலும் டோக்கன் அடித்தன. நம் தமிழ்க் கூலிகளின் கைரேகை பட்டவை அவை. ஜெர்மனியில் 1914 முதல் 1923 வரை ஊருக்கு ஊர் அவசரப் பணம் அடித்தார்கள். மைசன் தொழிற்சாலையில் பீங்கானில்கூடச் செய்தார்கள். இத்தாலியில் போரே இல்லாமல் 1970-களின் நடுவில் சில்லறை ஒழிந்துபோய், சின்ன வங்கிகள் நூறு லிரா, நூற்றைம்பது லிராவுக்குக் குட்டிக் காசோலை அடித்தன. கடைகளில் மீதிக்கு மிட்டாய் கொடுத்தார்கள். மிட்டாய்க் கதை நமக்குத் தெரியாததா!

இப்போது நம் கதைக்கு வருகிறேன். 1985-86-ல் என்னிடம் படித்தவர்கள் இதற்குள் சிரிக்க ஆரம்பித்திருப்பீர்கள்.

அப்போதும் நாடு முழுவதும் கடுமையான சில்லறைத் தட்டுப்பாடு. 1971-லேயே சிறு நாணயங்களைப் பதுக்கினாலோ உருக்கினாலோ குற்றம் என்று சட்டம் போட்டும் பயனில்லை. 1985-ல் மத்திய அரசு வெளிநாட்டில் காசு அடித்து வரவழைத்தது. அந்த ஆண்டின் ஒரு ரூபாய் வேல்ஸ் நாட்டு லான்ட்ரிசன்ட்டிலும் பர்மிங்காமிலும் அடிக்கப்பட்டது. ஐம்பது பைசா கொரியாவின் சியோலில். பழைய காசு கிடைத்தால் வருடத்தின் கீழே பாருங்கள். "எச்" என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது பர்மிங்காம் ஹீட்டன் ஆலையில் அடித்தது. அதெல்லாம் பட்டணத்துக்கு வந்து, தர்மபுரிக்கு வந்து, பென்னாகரம் சாலையில் நம் பக்கம் எட்டிப் பார்க்க நாளாகும் அல்லவா?

நான் அப்போது வேலை பார்த்த நடுநிலைப் பள்ளியில் மாணவர் கூட்டுறவுப் பண்டகசாலை என் பொறுப்பில் இருந்தது. மர பீரோ ஒன்றுதான் கடை. பலப்பம், பென்சில், ரப்பர், கோடு போட்ட நோட்டு, பேனாவுக்கு மை. ஒரு தடவை மை ஊற்ற ஐந்து பைசா. பிள்ளைகள் நாலணா கொண்டு வந்தால் மீதி கொடுக்க ஐந்து பைசாவும் பத்துப் பைசாவும் இல்லை. மீதிக்காக ஒரு பிள்ளைக்கு வேண்டாத ரப்பரைத் தலையில் கட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் ராகிக் களிக்கு உப்பு வாங்க வைத்திருந்த காசாக இருக்கும் அது.

அப்பா சொன்ன மண்டிக் கதை ஞாபகம் வந்தது. காலி சாக்பீஸ் டப்பாக்களை வெட்டினேன். பத்துப் பைசா அட்டை முந்நூறு, ஐந்து பைசா அட்டை இருநூறு. ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போட்டு, கணக்கு நோட்டில் ஏற்றினேன். தலைமையாசிரியரிடம் காட்டி, பள்ளி முத்திரை குத்தட்டுமா என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "முத்திரை வேண்டாம்யா. உம்ம கையெழுத்துப் போடும். நாளைக்கு யாராவது கேட்டா, சர்க்கார் பதில் சொல்லாது, நீர்தான் சொல்லணும்" என்றார். இன்றுவரை பணம் என்றால் என்ன என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் நான் கேட்டதில்லை.

முந்நூறு பத்துப் பைசா, முப்பது ரூபாய். இருநூறு ஐந்து பைசா, பத்து ரூபாய். ஆக நாற்பது ரூபாயை என் சம்பளத்திலிருந்து எடுத்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு பீரோவுக்குள் வைத்தேன். அட்டை வெளியே போனால் அதன் மதிப்பு பாட்டிலுக்குள் இருக்க வேண்டும். லிண்டன்முல்லர் என்ற பெயரே அப்போது எனக்குத் தெரியாது.

பண்டகசாலையைக் கவனிக்க எட்டாம் வகுப்பிலிருந்து ஒரு மாணவியைப் போட்டேன். பெயர் வேண்டாம். அவர் இப்போது பாட்டியாகியிருக்கலாம். ஒல்லியான பெண். மனக்கணக்கில் வகுப்பிலேயே அவளை யாரும் நெருங்க முடியாது. ஏழு நோட்டு, ஒன்றே கால் ரூபாய் வீதம், ஐந்து ரூபாய் கொடுத்தால் பாக்கி எவ்வளவு வர வேண்டும் என்று நான் பலகையில் எழுதும்போதே விடை வரும். மாலையில் அட்டைக் கணக்கையும் பாட்டில் கணக்கையும் அவளே சரிபார்த்துக் கோடு போடுவாள்.

இரண்டு மாதத்தில் அட்டை பள்ளிக்கூடத்துச் சுவரைத் தாண்டிவிட்டது. கேட்டில் சைக்கிளில் பெட்டி வைத்துச் சேமியா ஐஸ் விற்பாரே, அவர் பிள்ளைகளிடம் அட்டையை வாங்கிக்கொண்டு ஐஸ் கொடுக்க ஆரம்பித்தார். ஒரு வெள்ளிக்கிழமை நூலில் கட்டிய கட்டோடு என் முன்னால் வந்து நின்றார். இருபத்து நான்கு அட்டை, இரண்டு ரூபாய் நாற்பது பைசா. பாட்டிலிலிருந்து எண்ணிக் கொடுத்தேன். "சார், உங்க கையெழுத்து ஊருக்குள்ள ஓடுது சார்" என்றார். பெருமையாகவும் இருந்தது. வயிற்றில் ஏதோ பிசையவும் செய்தது.

காசு என்று வந்தால் கள்ளக் காசும் வரும் அல்லவா? ஒரு நாள் அந்தப் பெண் ஓர் அட்டையை மூக்கருகே வைத்து முகர்ந்துவிட்டு, "சார், இது நம்மது இல்ல. சோப்பு வாசம் அடிக்குது" என்றாள். சோப்பு டப்பாவை வெட்டி, என் கையெழுத்தை என்னைவிட அழகாகப் போட்டிருந்தான் ஒரு மகானுபாவன். யார் என்று எனக்குத் தெரியும். இன்று ஒரு வங்கியில் காசாளராக இருக்கிறான். இதைப் படித்துக்கொண்டும் இருப்பான். பயப்படாதே தம்பி, பெயர் சொல்ல மாட்டேன். அந்த அட்டையும் என் பெட்டியில் உண்டு. நல்ல வேலைப்பாடு!

அந்தப் பெண் ஒரு நாள் பீரோவைப் பூட்டும்போது கேட்டாள்: "சார், நீங்க ட்ரான்ஸ்ஃபர் ஆயிட்டா இந்த அட்டையெல்லாம் என்ன சார் ஆகும்?" நான் பாட்டிலைத் திறந்து உள்ளே இருந்ததைக் காட்டினேன். "நான் போனாலும் இது இருக்கும். போறதுக்கு முந்தி எல்லாருக்கும் எண்ணிக் குடுத்துட்டுத்தான் போவேன்" என்றேன். அவள் தலையாட்டினாள். திருப்தி ஆனாளா என்று முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. நல்ல கணக்குப்பிள்ளைகள் அப்படித்தான்.

1986 பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. அவள் வரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் பந்தல் பிரித்த குழிகள் இன்னும் மூடாமல் இருந்தன. அவ்வளவுதான், எனக்குப் புரிந்துவிட்டது. பதின்மூன்று வயது. பெண்ணுக்குப் பதினெட்டு ஆக வேண்டும் என்று 1978-லேயே சட்டத்தைத் திருத்தியாயிற்று. அந்தச் சட்டம் எங்கள் பக்கத்துக் காட்டுப் பாதைக்கு வந்து சேரவில்லை. மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் கட்டட வேலை, அங்கேயே கூட்டிப் போய்விட்டார்கள் என்றார் அவள் அம்மா. அந்த அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார். அவர் மேல் கோபப்பட எனக்குத் தோன்றவில்லை. அவரும் அந்த வயதில் அப்படி வந்தவர்தான்.

நான் கிளம்பும்போது உள்ளே போய் ஒரு பத்துப் பைசா அட்டையைக் கொண்டு வந்து கொடுத்தார். "பாப்பா சொல்லிட்டுப் போச்சு சார். இத சார்கிட்டச் சேத்துடு, கணக்குல இடிக்கும்னு." எண் 214. நான் சட்டைப் பையிலிருந்து பத்துப் பைசா எடுத்து நீட்டினேன். அந்த அம்மா வாங்கவில்லை. "அது அவ காசு சார். எனக்கெதுக்கு? அவ வந்தா அவ கையில குடுங்க" என்றார்.

அன்று மாலை கணக்கு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அட்டை திரும்பி வந்துவிட்டது. ஆனால் காசு போகவில்லை. வரவு என்று எழுதினால் பொய். கடைசியில் 214-க்கு நேரே கோடு போடாமல் விட்டேன். அட்டை என் கையில் இருந்தாலும் கணக்கில் அது இன்னும் வெளியில்தான்.

அந்த ஆண்டு கடைசியில் சில்லறை ஓரளவு வந்தது. பிரார்த்தனைக் கூட்டத்தில் அறிவித்து எல்லா அட்டைகளையும் திரும்ப வாங்கினேன். பத்துப் பைசாவில் 283, ஐந்து பைசாவில் 176-க்குக் காசு கொடுத்தேன். பாக்கி பதினேழும் இருபத்து நான்கும். இரண்டு ரூபாய் தொண்ணூறு பைசா. வியாபாரி ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "அது உங்க லாபம் சார்" என்றார். டோக்கன் விட்ட கடைக்காரர்கள் எல்லோருக்கும் உலகம் முழுக்க அதுதான் லாபம், திரும்பி வராத வில்லை. எனக்கு அதை லாபம் என்று எழுதக் கை வரவில்லை. பாட்டிலிலேயே வைத்தேன். பிறகு இத்தனை வருடத்தில் மூன்று பத்துப் பைசா அட்டைகள் வந்தன. ஒன்றைக் கொடுத்தவர் பேருந்து நடத்துநர். டிக்கெட்டோடு சேர்த்து நீட்டி, "சில்லறை இல்ல சார்" என்று சிரித்தார். உடனே பத்துப் பைசா கொடுத்துக் கணக்கைத் தீர்த்தேன்.

2011 ஜூன் 30-ஆம் தேதி முதல் இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழே உள்ள காசுகளும் செல்லாது என்று அரசாங்கம் அறிவித்தது. பாட்டிலில் இருந்த என் இருப்பு முழுவதும் அன்றைக்குச் செல்லாக் காசாகிவிட்டது. யோசித்துப் பாருங்கள். அசோகச் சக்கரச் சிங்கம் போட்ட பத்துப் பைசா செத்துப்போனது. சாக்பீஸ் டப்பாவில் ஒரு வாத்தியார் கிறுக்கிய பத்துப் பைசா இன்னும் உயிரோடு இருக்கிறது, ஏனென்றால் வாத்தியார் உயிரோடு இருக்கிறார். அவர் இருக்கும்வரைதான் அதுவும் என்பதும் சரி. எனக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

சில்லறைத் தட்டுப்பாடும் நின்றபாடில்லை. 2007-ல் நம் காசுகளை வங்கதேசத்துக்குக் கடத்தி உருக்கிச் சவர பிளேடு செய்கிறார்கள் என்றும், அசாம் தேயிலைத் தோட்டங்களில் அட்டைச் சீட்டு கொடுக்கிறார்கள் என்றும் செய்தி வந்தது. 2016-க்குப் பிறகு கைபேசியில் தட்டினால் ஒரு ரூபாய்கூடத் துல்லியமாகப் போய்ச் சேருகிறது. இண்டூர்ச் சந்தையில் கீரைக்கட்டு விற்கும் அம்மாகூடச் சதுரப் படம் ஒட்டி வைத்திருக்கிறார். மீதிக்கு மிட்டாய் வாங்கும் காலம் போய்விட்டது. நல்லதுதான். ஆனால் அந்த அம்மா, கைபேசி "பணம் வந்துவிட்டது" என்று சொன்ன பிறகுதான் கீரையைக் கொடுக்கிறார், என் முகத்தைப் பார்த்து அல்ல. அதிலும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் காலம் மாறியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1989-ல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் வந்தபோது, எட்டாம் வகுப்புவரை படித்திருந்தால் ஐயாயிரம் ரூபாய் என்றார்கள். "எட்டாவது முடிக்கட்டும் சார்" என்று அப்பாக்கள் சொல்ல ஆரம்பித்ததை நான் காதால் கேட்டேன். மூன்று வருடம் முந்தி வந்திருக்கலாமே என்று நினைத்தேன். இன்று அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. ஆனாலும் நம் மாவட்டத்தில் பொங்கல் விடுமுறை முடிந்து வராத பெண் இன்றைக்கும் இருக்கிறாள். உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு இது தெரியும். ஒரு வாரம் காத்திருக்காதீர்கள். இப்போது 1098 என்ற எண் இருக்கிறது, உங்கள் கையில் கைபேசியும் இருக்கிறது.

இனி என் வேண்டுகோள். பெட்டியை என் பேத்தி கேட்கிறாள். பிளஸ் டூவில் வணிகவியல் படிக்கிறாள். பூந்தி கூப்பனும் அமெரிக்க வில்லையும் சோப்பு அட்டையும் அவளுக்கு. கணக்கு நோட்டையும் சேர்த்துத்தான் கொடுக்கிறேன். நோட்டு இல்லாமல் அட்டைக்கு அர்த்தமில்லை. பத்துப் பைசாவில் பதினான்கும் ஐந்து பைசாவில் இருபத்து நான்கும் இன்னும் பாக்கி. உங்களில் யாரிடமாவது பழைய ஜாமெட்ரி பாக்ஸில், புத்தக இடுக்கில் அப்படி ஓர் அட்டை இருந்தால், எண் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்புங்கள். ஓர் அட்டைக்கு ஒரு ரூபாய் கொடுக்கிறேன். நாற்பது வருட வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரில் வந்தால் காபியும் உண்டு.

எண் 214-க்கு மட்டும் வேறு ஏற்பாடு. பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன நம் பக்கத்துக் குடும்பங்களோடு தொடர்பில் இருப்பவர்கள் உங்களில் பலர். அந்த வகுப்பில் படித்தவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். பெயரைக் கீழே எழுத வேண்டாம். எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். ஒரு பழைய பத்துப் பைசாவை, செல்லாத காசுதான், அவருக்கென்று தனியாக எடுத்து அந்த நோட்டின் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். அதை அவர் கையில் கொடுக்க வேண்டும். கோடு போட வேண்டியது அவர்தான். பண்டகசாலைக் கணக்கை எப்போதும் முடித்தது அவர்தான்.

எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மழை நன்றாகப் பெய்திருக்கிறது, ஏரியில் தண்ணீர் இருக்கிறது. ஊருக்கு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
இண்டூர்.